மூச்சு சீரான பின்னும் தணியாத அழற்சி: ஆஸ்துமாவில் நோயெதிர்ப்பு செல்கள் செய்வது என்ன?

மும்பை: மும்பையின் கிழக்குப் புறநகரான பாண்டுப், மேற்கே சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் மலைச்சரிவுக்கும் கிழக்கே தாணே கழிமுகத்தை ஒட்டிய உப்பளங்களுக்கும் இடையே அமைந்துள்ளது. லால் பகதூர் சாஸ்திரி சாலையும் கிழக்கு விரைவு நெடுஞ்சாலையும் இந்தப் பகுதியைக் கடந்து செல்கின்றன. மாநகரின் குப்பையில் பெரும்பகுதி கொட்டப்படும் காஞ்சூர்மார்க் கிடங்கு அருகிலேயே உள்ளது. தமிழர் உள்ளிட்ட பல மொழியினரும் நெருக்கமாக வசிக்கும் மலைச்சரிவுக் குடியிருப்புகளில் ஒரே அறையில் சமையலும் உறக்கமும் நடைபெறும் வீடுகள் ஏராளம். மழைக்காலத்தில் சுவரில் ஈரமும் பூஞ்சையும் படர்கின்றன. குளிர்காலத்தில் கடற்காற்று வலுவிழப்பதால் புகையும் தூசியும் தரைமட்டத்திலேயே தேங்குகின்றன.

ஆஸ்துமா உள்ள ஒருவருக்கு இவற்றில் எதுவும் மூச்சிரைப்பைத் தூண்டக்கூடும். இரவில் மூச்சுத் திணறினால் அருகிலுள்ள மருத்துவரிடம் செல்வதும், அங்கு நெபுலைசர் வைத்த அரை மணி நேரத்தில் மார்பு லேசாகி வீடு திரும்புவதும் பலருக்கும் பழகிப்போன நிகழ்வு. 'வீசிங் நின்றுவிட்டது' என்பதே அப்போது கிடைக்கும் ஆறுதல். ஆனால், அந்த நேரத்தில் விலகியது சுவாசக் குழாயைச் சுற்றியுள்ள தசையின் இறுக்கம் மட்டுமே. இறுக்கத்தை உண்டாக்கிய நோயெதிர்ப்பு செல்கள் குழாயின் சுவருக்குள் அப்படியே இருக்கின்றன. அடுத்த சில மணி நேரத்தில் அவற்றுடன் மேலும் பல செல்கள் வந்து சேரவும் கூடும்.

இந்த வேறுபாடு புரியாமல் போவதன் விலை பெரிது. உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 2019ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 26.2 கோடி பேர் ஆஸ்துமாவால் பாதிக்கப்பட்டிருந்தனர், சுமார் 4.55 லட்சம் பேர் உயிரிழந்தனர். நோயாளிகளில் ஏறத்தாழ எட்டில் ஒருவர் இந்தியர். உயிரிழப்புகளிலோ இந்தியாவின் பங்கு 40 சதவீதத்தைத் தாண்டுகிறது. இந்தியர்களுக்கு வரும் ஆஸ்துமா தனி வகை அல்ல. நோயைக் கண்டறிவதிலும் தொடர் சிகிச்சையிலும் உள்ள இடைவெளியே இதற்கு முக்கியக் காரணமாகச் சுட்டிக்காட்டப்படுகிறது. உலகளாவிய ஆஸ்துமா வலையமைப்பு இந்தியாவில் நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வில், மூச்சிரைப்பு அறிகுறி இருந்தவர்களில் சுமார் 82 சதவீதத்தினருக்கு ஆஸ்துமா என்று மருத்துவரீதியாகக் கண்டறியப்படவே இல்லை என்பது தெரியவந்தது. கடுமையான அறிகுறிகள் கொண்டவர்களிலும் சுமார் 70 சதவீதத்தினரின் நிலை அதுவே.

தசை நோய் என்ற பழைய புரிதல்

நுரையீரலுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் குழாய்களின் உட்புறத்தில் எபிதீலியம் எனப்படும் மெல்லிய படலம் உள்ளது. அதன் அடியில் இரத்த நாளங்களும் நரம்புகளும் நோயெதிர்ப்பு செல்களும், அவற்றைச் சுற்றித் தசை வளையமும் உள்ளன. அந்தத் தசை திடீரெனச் சுருங்குவதே ஆஸ்துமா என மருத்துவ உலகம் நெடுங்காலம் கருதியது. தாக்குதலில் இறந்தவர்களின் நுரையீரலில் கெட்டியான சளி அடைப்புகளும் அழற்சியும் காணப்பட்டாலும், அவை முற்றிய நிலையின் அடையாளம் என்றே எண்ணப்பட்டது.

1980களில் உயிருடன் இருக்கும் நோயாளிகளின் சுவாசக் குழாயில் உள்நோக்கிக் கருவியைச் செலுத்தித் துளியளவு திசு எடுத்துச் சோதிக்கும் முறை பரவியபோது இந்த எண்ணம் மாறியது. எப்போதாவது மட்டுமே இரைப்பு வரும் லேசான ஆஸ்துமா நோயாளிகளிடமும் மேற்படலம் சிதைந்து, அழற்சி செல்கள் குவிந்திருந்தன. மூச்சு சாதாரணமாக இருந்த நாள்களிலும் அழற்சி இருந்தது. மருத்துவர்கள் 'தடுப்பு இன்ஹேலர்' என்று ஒன்றைத் தனியாகப் பரிந்துரைப்பதன் அடிப்படை இதுவே.

எச்சரிக்கை மணி அடிப்பது யார்?

ஒவ்வாமை வகை ஆஸ்துமாவில் தொடக்கம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத ஒன்றாக இருக்கும். மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசிப்பூச்சியின் கழிவு, கரப்பான் பூச்சியின் உடல் துகள்கள், பூஞ்சை வித்துகள், மகரந்தம் ஆகியவை முக்கியமானவை. காற்றோட்டம் குறைந்த, ஈரம் நிறைந்த வீடுகள் முதல் மூன்றுக்கும் ஏற்ற இடம். தூசிப்பூச்சியின் கழிவில் புரதத்தை அரிக்கும் நொதிகள் உண்டு. மூச்சுடன் உள்ளே செல்லும் இவை, மேற்படல செல்களை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும் இணைப்புகளை அறுத்து உள்ளே வழி உண்டாக்குகின்றன.

சேதமடைந்த மேற்படலம் சும்மா இருப்பதில்லை. டிஎஸ்எல்பி, இன்டர்லூக்கின்-33, இன்டர்லூக்கின்-25 என்ற புரதங்களை வெளியிட்டு ஆபத்தை அறிவிக்கிறது. அருகில் காத்திருக்கும் டென்ட்ரிட்டிக் செல்கள் ஊடுருவிய பொருளின் துணுக்கை ஏந்திக்கொண்டு நிணநீர் முடிச்சுக்குச் செல்கின்றன. அங்குள்ள டி செல்களிடம் அதைக் காட்டுகின்றன. எந்தத் தீங்கும் செய்யாத தூசியை உடல் எதிரியாக முத்திரையிடுவது இங்கேதான். டிஎச்-2 எனப்படும் உதவி டி செல்கள் உருவாகி, சுவாசக் குழாய்க்குத் திரும்பி வருகின்றன.

இந்த டிஎச்-2 செல்கள் மூன்று கட்டளைகளைப் பிறப்பிக்கின்றன எனலாம். இன்டர்லூக்கின்-4, பி செல்களை ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தயாரிக்க வைக்கிறது. இன்டர்லூக்கின்-5, எலும்பு மஜ்ஜையிலிருந்து ஈசினோஃபில் என்ற வெள்ளையணுக்களை வரவழைத்து அவற்றின் ஆயுளையும் நீட்டிக்கிறது. இன்டர்லூக்கின்-13, சளி சுரக்கும் செல்களைப் பெருக்குவதுடன் தசையையும் எளிதில் சுருங்கும் நிலைக்குக் கொண்டுவருகிறது.

ஐஜிஇ இரத்தத்தில் மிகச் சிறிய அளவிலேயே உள்ளது. அதனால் அது பிடிபட வெகுகாலமாயிற்று. அமெரிக்காவின் டென்வரில் பணியாற்றிய ஜப்பானியத் தம்பதியர் கிமிஷிகே இஷிசாகா, டெருகோ இஷிசாகா 1966இல் அதை அடையாளம் கண்டனர். அதே காலத்தில் ஸ்வீடனின் யோஹான்சன், பென்னிக் ஆகியோரும் தனியே அதே புரதத்தைக் கண்டறிந்தனர். இப்போது உள்ளூர் ஆய்வகம் தரும் அலர்ஜி பரிசோதனை அறிக்கையில் இடம்பெறும் ஐஜிஇ அளவு அந்தக் கண்டுபிடிப்பின் வழிவந்ததே.

சில நிமிடங்களும் சில மணி நேரமும்

உருவான ஐஜிஇ, சுவாசக் குழாயின் சுவரில் உள்ள மாஸ்ட் செல்களின் மீது சென்று ஒட்டிக்கொள்கிறது. இந்த நிலையில் நோயாளிக்கு எந்த அறிகுறியும் தெரியாது. அடுத்த முறை அதே தூசி உள்ளே நுழையும்போது, அது மாஸ்ட் செல்லின் மீதுள்ள ஐஜிஇ-களை இணைத்துப் பிடிக்கிறது. நிமிடங்களில் மாஸ்ட் செல் வெடித்தாற்போல் தன் உள்ளிருக்கும் ஹிஸ்டமினைக் கொட்டுகிறது. லியூக்கோட்ரையீன் உள்ளிட்ட வேதிப்பொருள்களையும் புதிதாக உருவாக்குகிறது. தசை சுருங்குகிறது, நாளங்களிலிருந்து நீர் கசிந்து சுவர் வீங்குகிறது, சளி சுரக்கிறது. இழுப்பு தொடங்குவது இந்தக் கட்டத்தில். நெபுலைசரிலும் நீல நிற இன்ஹேலரிலும் உள்ள சால்பியூட்டமால் இந்தத் தசைச் சுருக்கத்தைத்தான் தளர்த்துகிறது.

பலருக்கு இரண்டாம் கட்டம் ஒன்று உண்டு. மாஸ்ட் செல்களும் டி செல்களும் அனுப்பிய அழைப்பை ஏற்று, இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருந்த ஈசினோஃபில்கள் நாளத்தின் சுவரைக் கடந்து சுவாசக் குழாய்க்குள் நுழைகின்றன. இதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். மாலையில் மருந்து எடுத்துச் சரியான ஒருவருக்குப் பின்னிரவில் மீண்டும் நெஞ்சு இறுகுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஈசினோஃபில்கள் தம்முள் சுமந்துவரும் நச்சுப் புரதங்கள் உண்மையில் குடற்புழு போன்ற பெரிய ஒட்டுண்ணிகளைத் தாக்குவதற்கானவை. ஒட்டுண்ணி இல்லாத இடத்தில் அவை சொந்த மேற்படலத்தையே சிதைக்கின்றன. படலம் சிதைந்தால் அடுத்த தூசி இன்னும் எளிதாக உள்ளே செல்லும். நரம்பு முனைகள் வெளிப்பட்டு, குளிர்ந்த காற்றும் ஊதுபத்திப் புகையும்கூட இருமலைக் கிளப்பும்.

ஆண்டுக்கணக்கில் இது தொடர்ந்தால் மேற்படலத்தின் அடியில் வடுத் திசு படிகிறது. தசை வளையம் தடிக்கிறது. குழாயின் விட்டம் நிரந்தரமாகக் குறுகிய பிறகு, தசையைத் தளர்த்தும் மருந்து முன்போல் பலன் தருவதில்லை.

வீட்டுப் பேச்சில் 'ஈஸ்னோபீலியா'

ஈசினோஃபில் என்ற பெயர் தமிழர்களுக்குப் புதிதல்ல. நாள்பட்ட தும்மலும் இரைப்பும் உள்ளவரைப் பற்றி 'ஈஸ்னோபீலியா இருக்கிறது' என்று வீடுகளில் சொல்வது தலைமுறைகளாக நீடிக்கும் வழக்கம். இரத்தப் பரிசோதனைத் தாளில் இந்த வெள்ளையணுவின் எண்ணிக்கை கூடியிருப்பதைக் கண்டு மருத்துவர் கூறிய சொல், நாளடைவில் நோயின் பெயராகவே ஆகிவிட்டது. அது நோயின் பெயரல்ல. ஓர் அடையாளம் மட்டுமே.

அந்த அடையாளம் வேறொரு நோயையும் காட்டக்கூடும் என்பதை முதலில் விவரித்தவர்கள் தென்னிந்தியாவில் பணியாற்றிய மருத்துவர்களே. அன்றைய சென்னை மாகாணத்தின் மதனப்பள்ளிக் காசநோய் மருத்துவமனையில் ஃபிரிமோட்-மோல்லர், பார்ட்டன் ஆகியோர், காசநோய் போலத் தோன்றினாலும் காசநோய் அல்லாத, ஈசினோஃபில் மிகுந்த நோயாளிகளைப் பற்றி 1940இல் எழுதினர். இரவு இருமலும் இரைப்பும் ஆஸ்துமாவைப் போலவே இருக்கும். யானைக்கால் நோயை உண்டாக்கும் ஃபைலேரியா புழுவின் நுண்குஞ்சுகளுக்கு எதிராக நுரையீரலில் எழும் கடும் எதிர்வினையே அது எனப் பின்னர் நிறுவப்பட்டது. அதற்கு மருந்து டைஎத்தில்கார்பமசைன், இன்ஹேலர் அல்ல. ஈசினோஃபில் எண்ணிக்கை மிக அதிகமாக இருந்தால் இந்திய மருத்துவர்கள் புழுத் தொற்றையும் சோதிப்பதற்கு இந்த வரலாறே காரணம்.

2025ஆம் ஆண்டில் மும்பையின் கபூதர்கானாக்கள் மூடப்பட்டபோது அதிகம் பேசப்பட்ட புறா நோயும் இவ்வாறே தனியானது. புறா எச்சத்தின் துகள்களால் வரும் அந்த நுரையீரல் அழற்சியில் ஐஜிஇ-யும் மாஸ்ட் செல்லும் முதன்மைப் பங்கு வகிப்பதில்லை. வேறு வகை எதிர்ப்புப் புரதங்களும் டி செல்களும் நுரையீரலின் காற்றுப் பைகளைப் பாதிக்கின்றன. மூச்சுத்திணறல் என்ற ஒரே சொல்லுக்குள் இத்தனை நோய்கள் இருப்பதால், ஊதிக் காட்டும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனை தவிர்க்க முடியாததாகிறது.

புகை செய்யும் வேலை

ஒவ்வாமையே இல்லாதவருக்கும் ஆஸ்துமா வருவதுண்டு. 2010ஆம் ஆண்டு வாக்கில் தெளிவாக அடையாளம் காணப்பட்ட ஐஎல்சி-2 என்ற செல்கள் இதற்கு ஒரு விளக்கம் தருகின்றன. இவற்றுக்கு ஐஜிஇ தேவையில்லை. டென்ட்ரிட்டிக் செல் வந்து எதையும் காட்டவும் வேண்டியதில்லை. மேற்படலம் எழுப்பும் எச்சரிக்கைப் புரதங்களே போதும், இவை உடனே இன்டர்லூக்கின்-5, 13 ஆகியவற்றைப் பெருமளவில் சுரக்கின்றன. வைரஸ் தொற்றோ புகையோ படலத்தைக் காயப்படுத்தினாலே ஈசினோஃபில்கள் வரத் தொடங்குவது இதனால்தான்.

டீசல் புகையின் விளைவை நேரடியாக மனிதரிடம் சோதித்த ஆய்வுகளுள் ஒன்றை நடத்தியவர், இன்று புணேயில் பணியாற்றும் நுரையீரல் மருத்துவர் சந்தீப் சால்வி. 1999இல் வெளியான அந்த ஆய்வில், ஆரோக்கியமான 15 பேர் ஒரு மணி நேரம் நீர்த்த டீசல் புகையைச் சுவாசித்தனர். ஆறு மணி நேரம் கழித்து எடுக்கப்பட்ட திசுவில் நியூட்ரோஃபில், மாஸ்ட் செல், டி செல் ஆகியவை அதிகரித்திருந்தன. அவர்களது நுரையீரலின் செயல்திறன் அளவுகளில் மாற்றம் தெரியவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. மூச்சு எப்போதும்போல இருக்க, சுவருக்குள் செல்கள் வந்து சேர்ந்துவிட்டன. மேலும், டீசல் துகள்கள் ஒவ்வாமைப் பொருளுடன் சேர்ந்து வரும்போது ஐஜிஇ உற்பத்தி கூடுவதும் பிற ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது. நியூட்ரோஃபில் மிகுந்த அழற்சி ஸ்டீராய்டுக்கு எளிதில் கட்டுப்படுவதில்லை என்பதால், புகை நிறைந்த நகரங்களில் சிகிச்சை கூடுதல் சிக்கலாகிறது.

மும்பைக்கு இந்த விவாதம் பழையது. 1970களின் பிற்பகுதியில் கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் எஸ்.ஆர். காமத் தலைமையிலான குழு லால்பாக், செம்பூர், கார் ஆகிய மூன்று பகுதிகளையும் ஒரு கிராமப்புறத்தையும் ஒப்பிட்டு, நான்காயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் ஆய்வு நடத்தியது. மாசு மிகுந்த பகுதிகளில் இருமலும் மூச்சுத்திணறலும் அதிகமாகக் காணப்பட்டன. ஆலைகள் சூழ்ந்த செம்பூருக்கு 'எரிவாயுக் கூடம்' என்ற பெயர் நிலைத்ததும் அந்தக் காலத்தில்தான். 2016 ஜனவரியில் தேவ்னார் குப்பைக்கிடங்கு எரிந்தபோது எழுந்த புகை செயற்கைக்கோள் படத்திலும் பதிவானது. காஞ்சூர்மார்க் கிடங்கின் துர்நாற்றம் குறித்துப் பாண்டுப், விக்ரோலி, முலுண்ட் பகுதியினர் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகின்றனர். வழக்கு நீதிமன்றம் வரை சென்றுள்ளது. நகரின் கட்டுமானத் தூசியைக் கட்டுப்படுத்த மாநகராட்சி 2023 அக்டோபரில் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. பி.எம். 2.5 நுண்துகளுக்கு இந்தியா அனுமதிக்கும் ஆண்டுச் சராசரி ஒரு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை 5 மைக்ரோகிராம். சட்டத்துக்கு உட்பட்ட காற்றும் சுவாசக் குழாய்க்குப் பாதுகாப்பானது என்று இந்த இடைவெளியைக் கண்டபின் கூற இயலாது.

இரண்டு மருந்து, இரண்டு வேலை

செல்களைக் கட்டுப்படுத்தும் மருந்து மூச்சுவழி எடுக்கும் ஸ்டீராய்டு. பூடசனைடு போன்ற இம்மருந்து செல்லின் உட்கருவுக்குள் சென்று, இன்டர்லூக்கின்களைத் தயாரிக்கும் மரபணுக்களை அடக்குகிறது. ஆதரவு இழந்த ஈசினோஃபில்கள் தாமாகவே மடிகின்றன. இதற்கு நாள்களும் வாரங்களும் ஆகும். உடனடி நிம்மதி தராததால் 'இது வேலை செய்யவில்லை' என்று கைவிடுவோர் ஒருபுறம். இரைப்பு நின்றதும் நிறுத்திவிடுவோர் மறுபுறம். எலும்பு மஜ்ஜை ஈசினோஃபில்களைத் தயாரித்துக்கொண்டேதான் இருக்கிறது என்பதால், மருந்து நின்ற சில வாரங்களில் அவை திரும்பிவிடுகின்றன.

இன்ஹேலர் பழக்கமாகிவிடும், ஸ்டீராய்டு உடலைக் கெடுக்கும் என்ற அச்சமும் பரவலாக உள்ளது. கடும் தாக்குதலின்போது தரப்படும் பிரட்னிசோலோன் மாத்திரையின் ஒரு நாள் அளவு பெரியவர்களுக்கு 30 முதல் 40 மில்லிகிராம் வரை இருக்கும். தடுப்பு இன்ஹேலரில் குறைந்த அளவு பூடசனைடு ஒரு நாளைக்கு 200 முதல் 400 மைக்ரோகிராம். அதாவது சுமார் நூறில் ஒரு பங்கு. அதுவும் நேரே சுவாசக் குழாய்க்கே செல்கிறது. இன்ஹேலருக்கு அஞ்சி மாத்திரையை விரும்புவோர் உண்மையில் அஞ்சவேண்டிய பக்கத்துக்கே செல்கின்றனர்.

ஆஸ்துமாவுக்கான உலகளாவிய முன்முயற்சியான ஜினா, 2019இல் தன் வழிகாட்டுதலை மாற்றியது. சால்பியூட்டமால் போன்ற நிவாரணியை மட்டும் தனியாகப் பயன்படுத்துவதைப் பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் அது பரிந்துரைப்பதில்லை. ஸ்டீராய்டும் ஃபோர்மோட்டெரோலும் கலந்த இன்ஹேலரை லேசான நோயாளிகளும் பயன்படுத்தலாம் என்கிறது. இந்தியாவில் சால்பியூட்டமால் மாத்திரையின் புழக்கம் இன்னும் குறையவில்லை. 2024 அக்டோபரில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவரம்பு விலையை 50 சதவீதம் உயர்த்த அனுமதித்த எட்டு மருந்துகளில் 2, 4 மில்லிகிராம் சால்பியூட்டமால் மாத்திரைகளும் இருந்தன. பூடசனைடும், அது ஃபோர்மோட்டெரோலுடன் கலந்த மருந்தும் தேசிய அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் உள்ளன.

ஸ்டீராய்டுக்கும் அடங்காத கடும் ஆஸ்துமாவுக்குக் குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் தடுக்கும் ஊசி மருந்துகள் வந்துள்ளன. ஐஜிஇ-யைத் தடுக்கும் ஒமலிசுமாப் 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்டர்லூக்கின்-5ஐத் தடுக்கும் மெப்போலிசுமாப்பின் கதை சற்று வேறானது. எல்லா வகை நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2007இல் ஏமாற்றம் அளித்தது. மருந்தே முடிந்துபோனதாகக் கருதப்பட்டது. 2009இல், கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பரமேஸ்வரன் நாயர் குழுவும் பிரிட்டனின் லெஸ்டர் குழுவும் ஈசினோஃபில் மிகுந்த நோயாளிகளை மட்டும் தேர்ந்து அளித்தபோது தாக்குதல்கள் குறைந்தன. அதே மருந்து, அதே நோயின் பெயர். சுவருக்குள் இருந்த செல் எது என்பதே முடிவை மாற்றியது. 2015இல் அமெரிக்கா அதற்கு அனுமதி அளித்தது. எச்சரிக்கைப் புரதமான டிஎஸ்எல்பி-யைத் தடுக்கும் டெசிபெலுமாப் 2021இல் வந்தது. பாண்டுப்பின் தினக்கூலிக் குடும்பங்களுக்கு இவற்றின் விலை எட்டாதது. ஆனால், யாருக்கு எந்தச் செல் மிகுந்துள்ளது என்பதைக் காட்டும் ஈசினோஃபில் எண்ணிக்கை, சாதாரண இரத்தப் பரிசோதனையிலேயே கிடைத்துவிடும்.

மருந்து செல்களைச் சென்றடைவதற்குக் கருவியும் சரியாக அமைய வேண்டும். இன்ஹேலரை நேரடியாக வாயில் அழுத்தும்போது மருந்தில் பெரும்பகுதி தொண்டையிலேயே படிந்துவிடுகிறது. இடையே ஸ்பேசர் எனப்படும் குடுவையைப் பொருத்தினால் கூடுதல் மருந்து உள்ளே செல்லும். குழந்தைகளுக்கு இது இன்றியமையாதது. கடையில் வாங்க இயலாதோருக்கு ஒரு மாற்று உண்டு. தென்னாப்பிரிக்க மருத்துவர் ஹெதர் ஸார் தலைமையிலான குழு, 500 மில்லிலிட்டர் குளிர்பான பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பகுதியில் இன்ஹேலரின் வாய் அளவுக்குத் துளையிட்டு, இடைவெளியை ஒட்டி அடைத்து, இரைப்புடன் வந்த குழந்தைகளிடம் சோதித்தது. 1999இல் 'லான்செட்' இதழில் வெளியான முடிவின்படி, அந்தப் பாட்டில் விலைக்கு வாங்கும் ஸ்பேசருக்கு இணையாக வேலை செய்தது. ஸ்டீராய்டு மருந்தை இதன் வழியாக எடுத்தாலும், ஒவ்வொரு முறையும் வாயைத் தண்ணீரால் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லாவிடில் நாவில் வெண்பூஞ்சை படரக்கூடும்.